சிட்ரோயன் டி.எஸ். – ராலிப் பந்தயங்களில் ஒரு பிரெஞ்சுக் குடும்பக் கார்

சிட்ரோயன் டி.எஸ். என்பது பிரான்சு நாட்டின் சிட்ரோயன் நிறுவனம் 1955 முதல் 1975 வரை தயாரித்த நான்கு கதவு மகிழுந்து (கார்) ஆகும். குடும்பத்தோடு வசதியாகப் பயணம் செய்வதற்காக வடிவமைக்கப்பட்ட இக்கார், உலகின் மிகக் கடினமான நெடுந்தொலைவு ராலிகளில் வெற்றி பெற்றது. 1968இல் இலண்டனிலிருந்து இந்தியா வழியாகச் சிட்னி வரை நடந்த பந்தயத்தில் முடிவுக்கோட்டிற்குச் சுமார் 160 கி.மீ. தொலைவு வரை முன்னணியில் இருந்து, ஒரு விபத்தில் அனைத்தையும் இழந்ததும் இதே கார்தான்.

டி.எஸ். என்ற இரண்டு எழுத்துகளையும் பிரெஞ்சு முறையில் சேர்த்துச் சொன்னால் 'பெண் தெய்வம்' என்று பொருள்படும் சொல்லின் ஒலி வரும். இதன் விலை குறைந்த எளிய வடிவம் ஐ.டி. எனப்பட்டது. அந்த எழுத்துகளின் ஒலிக்கு 'எண்ணம்' என்று பொருள். இரண்டும் சேர்ந்து சுமார் 14.5 லட்சம் கார்கள் தயாராயின.

குதிரைத்திறன் மிகுந்த விளையாட்டுக் கார்கள் பல இருக்க, ஒரு கனமான குடும்பக் கார் ராலியில் எப்படி வென்றது என்பதே இக்கட்டுரையின் முதன்மையான கேள்வி. அதற்கான விடை எஞ்சினில் இல்லை. சக்கரங்களுக்கும் கார் உடலுக்கும் இடையே உள்ள அமைப்பில் இருக்கிறது.

ராலி என்றால் என்ன?

கார்ப் பந்தயம் என்றவுடன் வட்டப்பாதையில் கார்கள் ஒன்றையொன்று முந்திச் செல்லும் காட்சியே பலருக்கும் நினைவுக்கு வரும். சென்னைக்கு அருகே சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களும், இப்போது இருங்காட்டுக்கோட்டையில் நடப்பவையும் அவ்வகையைச் சேர்ந்தவை. ராலி வேறு வகை. இது ஊரிலிருந்து ஊருக்குச் செல்லும் சாலைகளில் நடப்பது. கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளி விட்டு அனுப்பப்படும். ஒவ்வொரு கட்டத்தையும் இத்தனை மணி, இத்தனை நிமிடத்தில் கடக்க வேண்டும் என்று விதி இருக்கும். தாமதமானால் தண்டப் புள்ளிகள் சேரும். கடைசியில் யாருக்குத் தண்டப் புள்ளி குறைவோ அவரே வெற்றியாளர்.

காரில் ஓட்டுநருடன் துணை ஓட்டுநரும் இருப்பார். வழி பார்ப்பது, நேரம் கணக்கிடுவது, தேவைப்படும்போது தானும் ஓட்டுவது ஆகியவை அவர் வேலை. மண்சாலை, மலைப்பாதை, பனி, பாலைவனம் என எதுவும் வழியில் வரலாம். ஆகவே ஒரு நேர்ச்சாலையில் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதைவிட, மோசமான சாலையில் எவ்வளவு குறைவாக வேகத்தைக் குறைக்க வேண்டியிருக்கிறது என்பதே ராலிக் காரின் தகுதியாகும்.

தோற்றம்

1955 அக்டோபர் 5 அன்று பாரிசு கார்க் கண்காட்சியில் டி.எஸ். 19 அறிமுகமானது. முதல் 15 நிமிடங்களில் 743 பேரும், அன்று மாலைக்குள் சுமார் 12,000 பேரும் முன்பதிவு செய்தனர். இரண்டாம் உலகப் போர் முடிந்து 10 ஆண்டுகளே ஆகியிருந்த பிரான்சில் இது பெரும் வியப்பாகப் பேசப்பட்டது.

மூவரின் உழைப்பு இக்காரில் குறிப்பிடத்தக்கது. உடல் வடிவத்தை அமைத்தவர் இத்தாலியரான பிளமினியோ பெர்தோனி. அவர் சிற்பியும் ஆவார். முழுக் காரின் பொறியியல் அமைப்புக்குப் பொறுப்பேற்றவர் ஆந்திரே லெபெவ்ர். இவர் விமானப் பொறியியல் கற்று, இளமையில் வுவாசேன் நிறுவனத்தில் பந்தயக் கார்களை உருவாக்கியவர். எண்ணெயாலும் வாயுவாலும் இயங்கும் சஸ்பென்ஷனை உருவாக்கியவர் பால் மாஜேஸ். பொறியியல் பட்டம் பெறாமல் நிறுவனத்தில் சிறுவயதிலேயே வேலைக்குச் சேர்ந்து, தானாகவே கற்று முன்னேறியவர் இவர். டி.எஸ். காரின் புகழுக்கு அடிப்படையான கண்டுபிடிப்பு இவருடையதே.

முன்சக்கர இயக்கம், முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக், ஒற்றைக் கம்பியுள்ள ஸ்டீயரிங், காற்றை எளிதில் கிழித்துச் செல்லும் முன்மூக்கு ஆகியவை இக்காரின் பிற சிறப்புகள். அதே காலத்தில் இந்தியச் சாலைகளில் ஓடிய அம்பாசிடருடன் ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். அம்பாசிடரில் பின்சக்கர இயக்கம், டிரம் பிரேக், பின்பக்கம் லாரிகளில் காண்பது போன்ற பட்டை ஸ்பிரிங் ஆகியவை இருந்தன.

சஸ்பென்ஷன் இயங்கும் விதம்

சாதாரணக் காரில் சக்கரத்துக்கும் உடலுக்கும் இடையே இரும்பு ஸ்பிரிங் இருக்கும். டி.எஸ். காரில் அது இல்லை. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு இரும்பு உருண்டை உண்டு. உருண்டையின் நடுவே ஒரு இரப்பர்த் திரை. திரைக்கு ஒருபுறம் அழுத்தப்பட்ட நைட்ரஜன் வாயு, மறுபுறம் எண்ணெய். சக்கரம் மேட்டில் ஏறும்போது அதன் கை ஒரு பிஸ்டனை உள்ளே தள்ளுகிறது. பிஸ்டன் எண்ணெயை உருண்டைக்குள் தள்ளுகிறது. எண்ணெய் இரப்பர்த் திரையை அழுத்த, வாயு சுருங்குகிறது. மேடு கடந்ததும் வாயு விரிந்து எண்ணெயைத் திருப்பித் தள்ளுகிறது. எண்ணெய் போய் வரும் வழி குறுகலாக இருப்பதால் சக்கரம் துள்ளிக்கொண்டே இராமல் உடனே அடங்குகிறது. ஆக, ஸ்பிரிங் வேலையை வாயுவும், ஷாக் அப்சார்பர் வேலையை எண்ணெயும் செய்கின்றன.

உள்ளே சாதாரணக் காற்றை ஏன் நிரப்பவில்லை என்று மாணவர்கள் கேட்கலாம். காற்றில் ஆக்சிஜன் இருக்கிறது. உயர் அழுத்தத்தில் ஆக்சிஜனும் எண்ணெயும் ஒன்றுசேர்வது தீங்கானது. எண்ணெயும் இரப்பரும் கெடும், எரியவும் வாய்ப்புண்டு. சிவகாசிப் பகுதி மாணவர்களுக்கு இது புதிதன்று. பட்டாசு மருந்தில் கந்தகமும் அலுமினியப் பொடியும் எரிவதற்கு ஆக்சிஜன் தருவது வெடியுப்பு. அந்த ஆக்சிஜனை நீக்கிவிட்டால் எரிதல் இல்லை. எளிதில் வினைபுரியாத நைட்ரஜனை உருண்டைக்குள் அடைத்ததும் அதே காரணத்தால்தான்.

வாயு ஸ்பிரிங்குக்கு உள்ள பெரிய நன்மையைப் பள்ளிப் பாடத்தில் வரும் இரண்டு விதிகளைக் கொண்டு விளக்கலாம். இரும்பு ஸ்பிரிங் ஊக்கின் விதிப்படி இயங்குகிறது. ஒரு செ.மீ. அழுத்த எவ்வளவு விசை வேண்டுமோ, அடுத்த செ.மீ.க்கும் அதே அளவு கூடுதல் விசை போதும். வாயு பாயில் விதிப்படி இயங்குகிறது. வெப்பநிலை மாறாதபோது பருமன் பாதியானால் அழுத்தம் இருமடங்காகும். எடுத்துக்காட்டாக 40 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் இருக்கும் வாயுவைப் பாதியாகச் சுருக்கினால் 80, மீண்டும் பாதியாக்கினால் 160. அதாவது அழுத்த அழுத்த அது மேலும் மேலும் கடினமாகிறது. சிறு கற்கள் மீது போகும்போது மெத்தைபோல் மென்மையாகவும், பெரும் பள்ளத்தில் விழும்போது அடி தட்டாமல் தாங்கும் அளவுக்கு உறுதியாகவும் ஒரே அமைப்பு இயங்குவதற்கு இதுவே காரணம்.

இன்னொரு சிறப்பு, காரின் உயரம் மாறாமல் இருப்பது. பின்னிருக்கையில் மூன்று பேர் ஏறி அமர்ந்தால் எந்தக் காரும் பின்பக்கம் தாழும். டி.எஸ். காரில் உயரத்தைக் கவனிக்கும் ஒரு வால்வு உண்டு. உடல் தாழ்ந்தவுடன் அது திறந்து, எஞ்சினால் இயங்கும் பம்பிலிருந்து எண்ணெயை உள்ளே விடும். சில நொடிகளில் கார் பழைய உயரத்துக்கு எழும்பிவிடும். ராலிக் காரில் கூடுதல் பெட்ரோல், மாற்றுச் சக்கரங்கள், கருவிகள் என எடை அதிகம். அந்த எடையிலும் சக்கரம் மேலும் கீழும் அசைய முழு இடம் கிடைத்தது. மேலும் ஓட்டுநர் உள்ளிருந்தபடியே ஒரு நெம்புகோலை நகர்த்தி, ஓடையைக் கடக்கவோ கற்பாறை வழியில் போகவோ காரை உயர்த்திக்கொள்ளலாம்.

இந்த அமைப்பின் உறுதிக்குப் பந்தயத்துக்கு வெளியேயும் ஒரு சான்று உண்டு. 1962 ஆகஸ்டு 22 அன்று பாரிசுக்கு அருகே பெத்தி கிளமார் என்ற இடத்தில் பிரான்சுக் குடியரசுத் தலைவர் சார்லஸ் தெகோல் பயணம் செய்த டி.எஸ். கார் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. டயர்கள் வெடித்த நிலையிலும் ஓட்டுநர் காரைக் கட்டுப்பாட்டில் வைத்து ஓட்டிச் சென்றார். தெகோல் உயிர் தப்பினார்.

குறைகள்

டி.எஸ். குறையில்லாத கார் அன்று. சஸ்பென்ஷன், பிரேக், ஸ்டீயரிங், கிளட்ச் ஆகிய அனைத்தும் ஒரே எண்ணெய் அமைப்பைச் சார்ந்திருந்தன. தொடக்க ஆண்டுகளில் கசிவுகள் தொல்லை கொடுத்தன. 1966இல் பச்சை நிறக் கனிம எண்ணெய் பயன்பாட்டுக்கு வந்தபின் நம்பகத்தன்மை வெகுவாக உயர்ந்தது.

எஞ்சினும் சாதாரணமானதே. டி.எஸ். 19 காரில் இருந்தது 1911 சி.சி. கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின். அதன் திறன் சுமார் 75 குதிரைத்திறன். 1965இல் வந்த டி.எஸ். 21 மாடலில் 2175 சி.சி. எஞ்சின் பொருத்தப்பட்டது. கார் நீளமானது, முன்பக்கம் கனமானது. ஆகவே குறுகிய மலை வளைவுகளில் சிறிய, எடை குறைந்த கார்கள் இதை எளிதில் முந்தின. பிரான்சிலேயே அத்தகைய போட்டியாளர் இருந்தது. பின்பக்க எஞ்சின் கொண்ட அல்பீன் ஏ110 என்ற சிறு கார், 1973இல் நடந்த முதலாவது உலக ராலிப் போட்டித் தொடரில் தயாரிப்பாளர் பட்டத்தை வென்றது. குறுகிய வேகப் போட்டிகள் அல்பீனுக்கும், நாள்கணக்கில் நீளும் கரடுமுரடான பயணங்கள் டி.எஸ். காருக்கும் ஏற்றவையாக அமைந்தன.

முக்கிய வெற்றிகள்

1959 – மோண்டி கார்லோ ராலி. பால் கோல்தெல்லோனியின் குழு ஐ.டி. 19 காரில் வென்றது. அந்த ஆண்டு ஐரோப்பிய ராலிப் பட்டமும் கோல்தெல்லோனிக்கே கிடைத்தது.

1961 – லீஜ்–சோபியா–லீஜ். பெல்ஜியத்திலிருந்து பல்கேரியா வரை சென்று திரும்பும் இப்பந்தயத்தில் ஓய்வுக்கு இடமே இல்லை. லூசியன் பியாங்கியும் ஜார்ஜ் ஹாரிசும் டி.எஸ். 19 காரில் முதலிடம் பெற்றனர்.

1962 – பின்லாந்தின் ஆயிரம் ஏரி ராலி. பவுலி தொய்வோனன் வென்றார்.

1966 – மோண்டி கார்லோ ராலி. மீண்டும் தொய்வோனன், டி.எஸ். 21 காரில்.

1969 – போர்ச்சுகல் ராலி. பிரான்சிஸ்கோ ரொமாவோசின்யோ டி.எஸ். 21 காரில் வென்றார்.

1969, 1970 – மொராக்கோ ராலி. பொப் நெய்ரேயும் ஜாக் தெர்ராமோர்சியும் வென்றனர். நெய்ரே தொழிலால் பல் மருத்துவர்.

1974 – இலண்டன்–சகாரா–மியூனிக் ராலி. டி.எஸ். 23 கார் வென்றது.

இந்தப் பட்டியலில் 1966ஆம் ஆண்டு வெற்றிக்கு ஒரு விளக்கம் தேவை. அந்தப் போட்டியில் முதல் மூன்று இடங்களையும் பிடித்தவை பிரிட்டனின் மினி கார்கள். அவற்றுள் ஒன்றை ஓட்டியவர் பேடி ஹாப்கிர்க். முகப்பு விளக்குகளின் பல்பு விதிமுறைக்கு ஒத்துவரவில்லை என்று கூறி நடுவர்கள் அம்மூன்றையும், நான்காவதாக வந்த ஃபோர்டு காரையும் நீக்கினர். ஐந்தாவதாக வந்த தொய்வோனன் முதல்வராக அறிவிக்கப்பட்டார். விளக்கைக் காரணம் காட்டிக் கிடைத்த அந்த வெற்றி அவருக்கோ சிட்ரோயனுக்கோ மகிழ்ச்சி தரவில்லை. டி.எஸ். காரின் தகுதியை உணர்த்துவது இந்த வெற்றியைவிட, இரண்டு ஆண்டுகள் கழித்து நேர்ந்த தோல்வியே.

1968: இலண்டன்–சிட்னி மாரத்தான்

பிரிட்டனின் டெய்லி எக்ஸ்பிரஸ் நாளிதழ் முன்னின்று இப்பந்தயத்தை நடத்தியது. மொத்தத் தொலைவு சுமார் 16,000 கி.மீ. விருதுநகரிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 500 கி.மீ. என்று கொண்டால், 16 முறை சென்னைக்குப் போய்த் திரும்புவதற்குச் சமம். 1968 நவம்பர் 24 அன்று இலண்டனில் 98 கார்கள் புறப்பட்டன. முதல் பரிசு 10,000 பவுண்டு.

பாரிசு, தூரின், பெல்கிரேடு, இசுதான்புல், தெகுரான், காபூல், தில்லி, மும்பை என்று வழி அமைந்தது. மும்பையில் கார்களைக் கப்பலில் ஏற்றி, ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் இறக்கி, பெர்த் நகரிலிருந்து சிட்னி வரை கண்டத்தின் குறுக்கே ஓட்ட வேண்டும்.

சிட்ரோயன் அணியின் போட்டிப் பிரிவுத் தலைவர் ரெனே கோத்தோன். முதன்மைக் காரான டி.எஸ். 21ஐ லூசியன் பியாங்கியும் ஜான் குளோட் ஓஜியேயும் ஓட்டினர். பியாங்கி இத்தாலியின் மிலான் நகரில் பிறந்து பெல்ஜியத்தில் வாழ்ந்தவர். பந்தயம் தொடங்குவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர்தான் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தை மெக்சிகோவின் பெத்ரோ ரொத்ரீகசுடன் சேர்ந்து வென்றிருந்தார். வட்டப்பாதை வேகத்திலும் நெடுவழிப் பொறுமையிலும் தேர்ந்தவர்கள் அரிது. அவர் அத்தகையவர்.

துருக்கியின் சேறும், ஆப்கானிஸ்தானில் காபூலுக்குக் கிழக்கே உள்ள லதாபந்து கணவாயின் கற்பாதையும் பல கார்களை முடக்கின. இந்தியாவுக்குள் வந்தபோது தடை வேறு வகையில் இருந்தது. தில்லியிலிருந்து மும்பை வரை சுமார் 1,400 கி.மீ. தொலைவுக்கும் சாலையின் இருபுறமும் மக்கள் கூட்டம். கார்களைத் தொட்டுப் பார்க்கவும் ஓட்டுநர்களைக் காணவும் மக்கள் நெருங்கினர். மாட்டு வண்டிகளும் கால்நடைகளும் லாரிகளும் வழியில் இருந்தன. இரவில் அத்தகைய சாலையில் விரைவது மலைப்பாதையைவிட அச்சம் தருவது.

மும்பையில் கப்பலேறியவை 72 கார்கள். அப்போது ஃபோர்டு லோட்டஸ் கார்ட்டினா காரில் ரோஜர் கிளார்க் முதலிடத்திலும், ஜெர்மன் ஃபோர்டு டவுனஸ் காரில் கில்பர்ட் ஸ்டாபலரும் சிமோ லம்பினனும் இரண்டாமிடத்திலும், பியாங்கியும் ஓஜியேயும் மூன்றாமிடத்திலும் இருந்தனர். சூசன் என்ற பயணிகள் கப்பல் அவர்களை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டு சென்றது.

டிசம்பர் 14 அன்று பெர்த் நகரில் பந்தயம் மீண்டும் தொடங்கியது. மூன்று நாள்கள், இரவும் பகலும், ஓய்வின்றி. செம்மண் தூசியும், காய்ந்த ஓடைகளும், கங்காருகளும் நிறைந்த வழி. கிளார்க்கின் கார் எஞ்சின் பழுதாகிப் பின்தங்கியது. ஸ்டாபலரின் காரும் பழுதடைந்தது. விரைவான கார்கள் ஒவ்வொன்றாக நொறுங்கிக்கொண்டிருந்த அந்தச் சாலைகளில் டி.எஸ். மட்டும் ஒரே சீராக ஓடியது. ஸ்பிரிங் ஒடிதல், அடிப்பக்கம் தட்டுதல் போன்றவை அதைத் தடுக்கவில்லை. கடைசி நாளான டிசம்பர் 17 காலையில் பியாங்கியும் ஓஜியேயும் முதலிடத்தில் இருந்தனர். கடினமான பகுதிகள் ஏறக்குறைய முடிந்துவிட்டன.

நௌரா விபத்து

சிட்னிக்குத் தெற்கே சுமார் 160 கி.மீ. தொலைவில் உள்ளது நௌரா. அதை நெருங்கும் சாலையில் பொதுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டிருக்கும் என்று பந்தயக்காரர்கள் எண்ணியிருந்தனர். ஓஜியே ஓட்டிக்கொண்டிருந்தார். இரவெல்லாம் விழித்திருந்த பியாங்கி அருகில் ஓய்வில் இருந்தார். அப்போது எதிரே பந்தயத்தில் சேராத ஒரு மினி கார் வந்தது. இரண்டும் நேருக்கு நேர் மோதின. டி.எஸ். காரின் முன்பக்கம் நசுங்கிப் பியாங்கி உள்ளே சிக்கிக்கொண்டார். அவருடைய காலில் காயம்.

அடுத்து அந்த இடத்துக்கு வந்தவர் பேடி ஹாப்கிர்க். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மோண்டி கார்லோவில் தன் இடத்தை இழந்து, சிட்ரோயன் வென்றதைப் பார்த்தவர் அவர்தான். இப்போது ஆஸ்டின் 1800 காரில் டோனி நாஷ், அலெக் பூல் ஆகியோருடன் வெற்றிக்கு மிக அருகில் இருந்தார். ஒவ்வொரு நிமிடமும் தண்டப் புள்ளியாக மாறும் பந்தயம் அது. எனினும் அவர்கள் காரை நிறுத்தினர். தீயை அணைக்கவும் சிக்கியவர்களுக்கு உதவவும் முனைந்தனர். பிறரின் உதவியை அழைத்துவரவும் நேரம் செலவிட்டனர்.

இறுதி முடிவு இது: ஹில்மன் ஹண்டர் காரில் வந்த ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ கோவனின் குழு 50 தண்டப் புள்ளிகளுடன் முதலிடம். ஹாப்கிர்க் குழு 56 புள்ளிகளுடன் இரண்டாமிடம். 62 புள்ளிகளுடன் ஆஸ்திரேலிய ஃபோர்டு ஃபால்கன் மூன்றாமிடம். முதல் இரண்டு இடங்களுக்கும் வேறுபாடு ஆறே புள்ளிகள். ஹாப்கிர்க் நிறுத்தியதை அவருடைய வாழ்நாள் வெற்றிகளுக்கு இணையாகவே இன்றும் ராலி வரலாற்றில் குறிப்பிடுகின்றனர். சிட்னியை அடைந்த கார்கள் மொத்தம் 56. டி.எஸ். காரின் முதன்மைக் குழு அந்தப் பட்டியலில் இல்லை.

கோவனின் வெற்றியைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. காரைச் சிதைக்காமல், தவறு செய்யாமல், கடைசிவரை தாக்குப்பிடித்து வந்ததே அவருடைய திறமை. ஆனால் நௌரா வரை காட்டப்பட்ட ஓட்டத்தை வைத்துப் பார்த்தால், அந்தச் சாலைகளுக்கு மிகவும் பொருத்தமான கார் எது என்பதில் ஐயமில்லை. டி.எஸ். இயந்திரக் கோளாறால் தோற்கவில்லை. சாலை மூடப்பட்டிருக்கிறது என்ற நம்பிக்கை பொய்த்ததால் தோற்றது. பட்டாசுத் தொழிற்கூடங்களைப் போலவே பந்தயச் சாலையிலும், பாதுகாப்பு ஏற்பாடு செய்யப்பட்டிருக்கும் என்று எண்ணுவதற்கும் அது செய்யப்பட்டிருக்கிறதா என்று உறுதி செய்வதற்கும் இடையே உள்ள வேறுபாடு உயிர் தொடர்பானது.

பியாங்கி குணமடைந்து மீண்டும் பந்தயங்களுக்குத் திரும்பினார். 1969 மார்ச்சு 30 அன்று லெ மான் பாதையில் ஆல்ஃபா ரோமியோ காரைச் சோதித்து ஓட்டியபோது நேர்ந்த விபத்தில் 34 வயதில் உயிரிழந்தார். ஃபார்முலா ஒன் ஓட்டுநராக இருந்து, 2014இல் ஜப்பானில் நேர்ந்த விபத்தின் காயங்களால் 2015இல் இறந்த ஜூல் பியாங்கி, இவருடைய தம்பி மவுரோவின் பேரன் ஆவார்.

சகாராவில் கிடைத்த வெற்றி

இலண்டன்–சிட்னி பந்தயத்தில் தவறியது ஆறு ஆண்டுகளுக்குப் பின் வேறொரு வழியில் கைகூடியது. 1974இல் இலண்டனிலிருந்து சகாரா பாலைவனத்தைக் கடந்து திரும்பி மியூனிக் வரை ஒரு ராலி நடந்தது. பாலைவனத்தில் பல குழுக்கள் வழி தவறின. மணலிலும் கல்லிலும் கார்கள் பழுதாகி நின்றன. ஆஸ்திரேலியர்களான ஆண்ட்ரே வெலின்ஸ்கி, கென் டப்மன், ஜிம் ரெடிக்ஸ் ஆகியோர் டி.எஸ். 23 காரில் வென்றனர். தொழிற்சாலையின் அதிகாரப்பூர்வ அணியாக அன்றித் தனியார் முறையில் பங்கேற்ற குழு அது. டப்மன் 1953இல் ஆஸ்திரேலியாவின் ரெடெக்ஸ் பந்தயத்தைப் பெழோ 203 என்ற மற்றொரு பிரெஞ்சுக் காரில் வென்றவர். அடுத்த ஆண்டு, 1975இல், டி.எஸ். தயாரிப்பு நின்றது.

சென்னைக்கு வந்த வாரிசு

1977இல் இலண்டன்–சிட்னி ராலி மீண்டும் நடந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஆதரவளித்த இதன் தொலைவு சுமார் 30,000 கி.மீ. இம்முறை இந்தியப் பகுதி மும்பையோடு முடியவில்லை. கார்கள் சென்னை (அன்றைய மெட்ராஸ்) வரை வந்து, சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலில் மலேசியாவின் பினாங்கு சென்றன. அங்கிருந்து சிங்கப்பூர், பிறகு ஆஸ்திரேலியா.

இதில் மூன்றாமிடம் பெற்றது சிட்ரோயன் சி.எக்ஸ். 2400. டி.எஸ். காருக்குப் பின் 1974இல் வந்த சி.எக்ஸ்., அதே எண்ணெய்–வாயு சஸ்பென்ஷனைக் கொண்டிருந்தது. அதை ஓட்டியவர் பேடி ஹாப்கிர்க். 1968இல் நொறுங்கிக் கிடந்த சிட்ரோயனுக்காகக் காரை நிறுத்தியவர், 1977இல் சிட்ரோயனிலேயே தமிழ்நாட்டுச் சாலைகளைக் கடந்தார். வெற்றி பெற்றவர் மீண்டும் ஆண்ட்ரூ கோவன், இம்முறை மெர்சிடிஸ் 280இ காரில்.

1979இல் ஈரானில் புரட்சி ஏற்பட்டது. அதே ஆண்டு இறுதியில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது. இலண்டனிலிருந்து இந்தியாவுக்குத் தரைவழியே காரில் வரும் காலம் அத்துடன் பெரும்பாலும் முடிந்தது.

மரபும் இன்றைய நிலையும்

1999இல் நூற்றாண்டின் சிறந்த காரைத் தேர்ந்தெடுக்க நடந்த பன்னாட்டு வாக்கெடுப்பில் ஃபோர்டு மாடல் டி முதலிடமும், மினி இரண்டாமிடமும், டி.எஸ். மூன்றாமிடமும் பெற்றன. பந்தயச் சாலையில் டி.எஸ். காரின் பழைய போட்டியாளரான மினி அங்கும் ஓரிடம் முன்னால் நின்றது.

சிட்ரோயன் பின்னர் உலக ராலிப் போட்டித் தொடரில் பெரும் வெற்றி கண்டது. செபாஸ்தியான் லோப் 2004 முதல் 2012 வரை தொடர்ந்து ஒன்பது முறை ஓட்டுநர் பட்டம் வென்றார். அனைத்தும் சிட்ரோயன் கார்களில். அவற்றுள் ஒன்றுக்கு டி.எஸ். 3 என்றே பெயர்.

தமிழ்நாட்டுக்கும் ராலி உலகுக்கும் உள்ள தொடர்பு இன்றும் தொடர்கிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.ஆர்.எப். நிறுவனத்தின் டயர் அணிக்காக ஓட்டிய ஸ்பெயின் வீரர் எப்ரேன் யரேனா, 2022இல் ஐரோப்பிய ராலிப் பட்டத்தை வென்றார். 1959இல் கோல்தெல்லோனி சிட்ரோயனில் வென்ற அதே பட்டம் இது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தென்னிந்திய ராலியை நடத்தி வருகிறது.

சிட்ரோயன் கார்கள் இப்போது திருவள்ளூர் அருகே தயாராகின்றன. முன்பு இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மிட்சுபிஷி கார்கள் உருவான ஆலை அது. 2021இல் இந்தியாவில் முதலில் விற்பனைக்கு வந்த சி5 ஏர்கிராஸ் காரில் பழைய உருண்டைகள் இல்லை. இரும்பு ஸ்பிரிங்கே உண்டு. ஆனால் ஷாக் அப்சார்பரின் இரு முனைகளிலும் எண்ணெய்த் தடுப்பு பொருத்தப்பட்டுள்ளது. பெரும் பள்ளத்தில் சக்கரம் விழும்போது கடைசி அதிர்வை அந்த எண்ணெய் தாங்கிக்கொள்ளும். பால் மாஜேசின் முழு அமைப்பு செலவு மிகுந்தது என்பதால் கைவிடப்பட்டது. மோசமான சாலையில் சக்கரம் தரையை விட்டு எழாமல் இருக்க வேண்டும், பயணி குலுங்காமல் இருக்க வேண்டும் என்ற அவருடைய நோக்கம் மட்டும் எளிய வடிவில் தொடர்கிறது.